விபத்தில் சிக்கிய வண்டியைப் போலீஸ் அப்புறப்படுத்தினால்: மதுரைக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டம்

மேலூர் வழியாகத் திருச்சிக்கு, திருமங்கலம் வழியாக விருதுநகருக்கு, பரமக்குடிக்கு என்று மதுரையைச் சுற்றி இன்று நான்கு வழிச் சாலைகள் ஓடுகின்றன. நிக்காஹ், ஜனாஸா, பெருநாள் விடுமுறை, வெளியூர் மதரஸாவில் ஓதும் பிள்ளையைப் பார்க்கச் செல்வது என நம் குடும்பங்களும் வேனிலும் காரிலும் இந்தச் சாலைகளில்தான் போய் வருகின்றன. லோடு ஆட்டோவும் மினி லாரியும் ஓட்டிப் பிழைக்கும் சகோதரர்களுக்கோ இந்தச் சாலைதான் வாழ்வாதாரம்.

வழியில் வண்டி மோதிவிட்டாலோ நடுச்சாலையில் பழுதாகி நின்றுவிட்டாலோ போலீஸ் வருகிறது, கிரேன் வருகிறது, வண்டி போய்விடுகிறது. அதன் பிறகுதான் குழப்பம் தொடங்குகிறது. வண்டி எங்கே இருக்கிறது? கிரேன் கூலி யார் தருவது? எப்போது திரும்பக் கிடைக்கும்? இது தெரியாமல் அலைந்து, மாதக்கணக்கில் வண்டியைக் காவல் நிலைய வாசலில் வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிட்டவர்கள் பலர். சட்டம் என்ன சொல்கிறது என்பதை எளிமையாகப் பார்ப்போம்.

வண்டியை அகற்றும் அதிகாரம்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 127, இந்த அதிகாரத்தைக் காவல்துறைக்குக் கொடுக்கிறது. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியையும், நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திய வண்டியையும், அந்தப் பகுதிக்கு உரிய சீருடை அணிந்த காவல் அதிகாரி அகற்றச் சொல்லலாம் அல்லது சக்கரத்துக்குப் பூட்டுப் போடச் சொல்லலாம்.

நொறுங்கிய, எரிந்த, பாதி பிரித்துப் போடப்பட்ட அல்லது கைவிடப்பட்ட வண்டி போக்குவரத்துக்கு ஆபத்தாகக் கிடந்தால் பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே அகற்ற உத்தரவிடலாம். எந்த வகையில் அகற்றினாலும் இழுத்துச் சென்ற செலவு உரிமையாளரின் பொறுப்பு என்று அதே பிரிவு சொல்கிறது. அபராதம் இருந்தால் அது தனி.

இது நெடுஞ்சாலைக்கு மட்டும் உரிய சட்டம் அல்ல. நம் தெருக்களில் ஓடாத பழைய வேனையும் டயர் இல்லாத காரையும் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அவற்றுக்கும் இது பொருந்தும். 108 ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல் தெருமுனையில் நிற்கும்போதும் ஜனாஸாவைத் தூக்கிச் செல்வோர் ஒதுங்க இடமின்றித் தடுமாறும்போதும் அதன் பாதிப்பு தெரியும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த இடையூறு நம் வண்டியாக இருக்கக்கூடாது.

பழுதாகி நின்றாலும் அபராதமா?

பிரிவு 201, போக்குவரத்துக்குத் தடையாக வண்டியை வைத்திருப்பதற்கு அபராதம் விதிக்கிறது. முன்பு இது மணிக்கு 50 ரூபாய் வரை என்று இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 500 ரூபாய் வரை.

இதில் உரிமையாளருக்கு இரண்டு பாதுகாப்புகள் உண்டு. எதிர்பாராமல் பழுதான வண்டியை அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தால் இந்த அபராதம் பொருந்தாது. எனவே மெக்கானிக்கையோ மீட்பு வண்டியையோ அழைத்ததற்கான அழைப்புப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். இரண்டாவது, விபத்துக்குள்ளான வண்டி என்றால், சட்டப்படியான ஆய்வு முடிந்த பிறகுதான் அபராதக் கணக்கே தொடங்கும். ஆய்வுக்காகப் போலீஸ் நிறுத்தி வைத்த நேரத்துக்கு உங்களைப் பொறுப்பாக்க முடியாது.

சாலையில் நிற்கும் அந்த நேரத்தில்

முதலில் உயிர், பிறகுதான் வண்டி. இரவில் விளக்கின்றி நிற்கும் லாரியின் பின்னால் கார் மோதி, ஒரு குடும்பமே பலியான செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம்! நான்கு விளக்குகளும் மின்னும்படி போடுங்கள். சிவப்பு முக்கோணப் பலகையைப் பின்னால் வரும் வண்டிக்கு முன்கூட்டியே தெரியும் தூரத்தில் வையுங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் வண்டிக்குள் உட்கார வைக்காமல், சாலையோரத் தடுப்புக்கு அப்பால் அழைத்துச் செல்லுங்கள்.

காயம்பட்டவர் இருந்தால் 108, காவல்துறைக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. சுங்கச் சாலைகளில் ரோந்து வண்டியும் கிரேனும் இருக்கும். கிரேன் வந்தால் எதுவரை இழுத்துச் செல்வார்கள், கட்டணம் உண்டா என்பதை வண்டியில் கொக்கி மாட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸில் அதைக் கோர அந்த ரசீதுதான் ஆதாரம்.

வண்டியை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். நம்பர் பிளேட், சாலையில் பதிந்த டயர் தடம், எதிர் வண்டி நின்ற நிலை ஆகிய மூன்றும் படத்தில் இருக்கட்டும்.

எங்கே கொண்டு போனார்கள் என்று கேட்பது உரிமை

விபத்து வண்டியை ஆய்வு செய்வது பற்றிப் பிரிவு 136 பேசுகிறது. ஆய்வுக்காக வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டு செல்லலாம். ஆனால் கொண்டு செல்லும் இடத்தை உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறைகள் முடிந்ததும் உரிமையாளரிடமோ ஓட்டுநரிடமோ 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். நம்மில் பலருக்குத் தெரியாத விதி இது.

நகருக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையரின் எல்லை, வெளியே என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லை. விபத்து நடந்த இடம் எந்தக் காவல் நிலையத்தின் கீழ் வருகிறது என்பதை அங்கேயே கேட்டுக் குறித்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் எண்ணையும் பிரதியையும் வாங்குங்கள். நம் ஊரில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று அழைக்கப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்வையிடும் நாளையும் கேட்டு வையுங்கள்.

நீதிமன்றம் வழியாக மீட்பது

வழக்கில் வண்டி கைப்பற்றப்பட்டுவிட்டால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு கொடுத்து மீட்க வேண்டியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகள் இதற்கானவை. பழைய சட்டத்தில் இவை 451, 457.

கைப்பற்றிய வண்டிகளைக் காவல் நிலையத்தில் நெடுநாள் போட்டு வைப்பதால் யாருக்கும் பயனில்லை என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. படம் எடுத்து, பிணைப்பத்திரம் பெற்று, உரியவரிடம் விரைவாக ஒப்படைக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். புதிய சட்டமும் பொருளின் விவர அறிக்கையை 14 நாட்களுக்குள் தயாரிக்கவும், படமும் அறிக்கையும் முடிந்த 30 நாட்களுக்குள் அதை என்ன செய்வது என உத்தரவிடவும் நீதிமன்றத்துக்குக் காலவரம்பு வைத்திருக்கிறது. எனவே 'வழக்கு முடிந்தால்தான் வண்டி' என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வழக்கறிஞர் மூலம் மனு கொடுங்கள்.

மனுவுக்கு ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம், அடையாள அட்டை எல்லாம் தேவை. இவற்றில் இரண்டில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்று, இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டி உயிரிழப்போ காயமோ ஏற்படுத்திவிட்டால், நீதிமன்றம் திருப்தியடையும் அளவுக்குப் பிணை கொடுக்காமல் வண்டியை மீட்க முடியாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை எல்லா மாநிலங்களுக்கும் வலியுறுத்தியது. 2022 ஏப்ரல் முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் இது சேர்க்கப்பட்டுள்ளது. பிணை கொடுக்காவிட்டால் மூன்று மாதம் கழிந்ததும் வண்டி ஏலத்துக்குப் போகும். அந்தப் பணம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டப்படும். புதுப்பிக்கத் தவறிய ஒரு பாலிசியால் குடும்பத்துக்குச் சோறு போடும் வண்டியே கைவிட்டுப் போகலாம்.

இரண்டு, பெயர் மாற்றம். பழைய வண்டியை வாங்கி, விற்றவர் பெயரிலேயே ஓட்டுவது நம்மிடையே சாதாரணம். ஆனால் மனு கொடுக்க வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். அவர் வெளிநாடு போயிருந்தால் என்ன செய்வது? விற்றவருக்கும் ஆபத்துதான். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன்குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி விற்றவர் 14 நாட்களுக்குள், வாங்கியவர் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இழுவைக் கூலி இன்சூரன்ஸில் கிடைக்குமா?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கிடைக்காது. முழுக் காப்பீட்டின் வழக்கமான பாலிசியில், விபத்து நடந்த இடத்திலிருந்து பக்கத்துப் பட்டறை வரை கொண்டு செல்லும் செலவாகக் காருக்கு 1,500 ரூபாய் வரையும் இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாய் வரையும் உண்டு. கூடுதல் தேவை என்றால் பாலிசி எடுக்கும்போதே தனியாகச் சேர்க்கலாம். உடைந்த வண்டியை அப்படியே ஓட்டிச் சென்று சேதம் அதிகமானால் அந்தக் கூடுதல் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. பாதுகாப்பின்றிச் சாலையில் விட்டுவிட்டு வருவதும் பாலிசி நிபந்தனைக்கு எதிரானது.

இந்த வாரம் வீட்டில் உள்ள வண்டியின் காகிதங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, ஆர்.சி. யார் பெயரில், முக்கோணப் பலகை டிக்கியில் இருக்கிறதா என்ற மூன்றையும் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். கிரேன் வந்து நின்ற பிறகு இவற்றில் எதையும் சரிசெய்ய முடியாது.