விருந்தாளி வந்தால்தான் கடற்கரையா?

ஆடி, ஆவணி மாதங்களில் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். வெளிநாடுகளில் பாடசாலை விடுமுறையும் இக்காலத்திலேயே வருவதால் கனடா, இலண்டன், சுவிஸ் என்று பல நாடுகளிலும் வாழும் எமது உறவுகள் ஊருக்கு வருகிறார்கள். வந்த முதல் வாரங்கள் கோயில், கலியாணவீடு, காணி அலுவல் என்று ஓடிவிடும். புறப்பட இரண்டு மூன்று நாட்கள் இருக்கும்போதுதான் "எல்லாரும் சேர்ந்து ஒருக்கால் எங்கையாவது போவமே" என்ற பேச்சு எழும். உடனே வான் பிடிக்கப்படும். ஊரிலேயே இருக்கும் பெண்களும் அதில் ஏறிக்கொள்வார்கள். சிந்தித்துப் பார்த்தால், எம்மில் பலர் எமது மாவட்டத்தின் கடலை ஆறுதலாகப் பார்ப்பது இவ்வாறு யாரேனும் வந்து அழைக்கும்போது மட்டுமே.

கடந்த விடுமுறைக் காலத்தில் நாமும் அப்படி ஒரு நாள் போய்வந்தோம். இளவயதில் ஒரே தையல் வகுப்பில் பயின்ற ஐவர் நாம். ஒருவர் கனடாவிலிருந்து வந்தவர். மூன்றாம் நாள் அவருக்கு விமானம். ஒருவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். ஒருவர் சம்பூர்க்காரி. இன்னொருவரின் கணவர் யுத்த காலத்தில் வீட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர், இன்றுவரை திரும்பவில்லை. ஐந்தாவது நான்.

புறப்படுவது இலகுவாக இருக்கவில்லை. "புருசனைத் தேடித் திரியிறவளுக்கு இப்ப உல்லாசம் கேக்குதோ?" என்று பக்கத்து வீட்டில் கதைத்தார்கள். சம்பூர்த் தோழிக்கு அன்று நுண்கடன் தவணை கட்டும் நாள். அவர் முதல் நாளே காசைக் கொடுத்துவிட்டு வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு கறி என்று பிரித்துக்கொண்டோம். வான் கூலியை ஐந்தாகப் பிரிக்கவேண்டும் என்று நாமே சொன்னோம். கனடாத் தோழி முழுவதையும் தானே தருவதாகச் சொன்னபோதும் சம்மதிக்கவில்லை.

கோட்டையும் கோயிலும்

முதலில் கோணேசர் கோயில். கோட்டை வாசலைக் கடந்துதான் செல்லவேண்டும். போர்த்துக்கேயர் 1620களில் பழைய ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் கொண்டு இக்கோட்டையைக் கட்டினார்கள். பின்னர் ஒல்லாந்தரும், 1795 முதல் ஆங்கிலேயரும் இதனை வைத்திருந்தனர். 1950இல் நகரில் கிணறு வெட்டியபோது பழைய தெய்வத் திருவுருவங்கள் மண்ணிலிருந்து வெளிவந்தன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டனர். புதிய ஆலயத்தின் கும்பாபிஷேகம் 1963இல் நடைபெற்றது.

யுத்த காலத்தில் இவ்வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, உடற்சோதனைக்கு உட்பட்டுச் சென்றதை யாரும் மறக்கவில்லை. இராணுவம் இன்றும் கோட்டைக்குள் இருக்கிறது. ஆனால் நாம் பயமின்றி நடந்தோம். கிண்ணியாத் தோழி கோயிலுக்குள் வராமல் மரநிழலில் இருந்து புள்ளிமான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அவர் நகருக்கு வருவதென்றால் பாதைக்குக் காத்திருந்து களப்பைக் கடக்கவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பஸ் ஏறினால் நகரம்தான்.

மலையுச்சியில் சம்பூர்த் தோழி தெற்கே கையை நீட்டி, "அந்தா, குடாவுக்கு அங்கால எங்கட ஊர்" என்று காட்டினார். 2006இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த மக்கள் கிளிவெட்டி போன்ற முகாம்களில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் ஊர் திரும்பினார்கள். அத்தனை ஆண்டுகளும் கொட்டியாரக் குடாவின் இக்கரையில் நின்று அக்கரையைப் பார்க்கமட்டுமே முடிந்தது.

பாய்ந்தவளா, வாழ்ந்தவளா?

மலையில் ஒரு கற்றூண் இருக்கிறது. அதில் பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. காதலன் கப்பலேறிப் போனதைத் தாங்காமல் அவள் இவ்விடத்திலிருந்து கடலில் பாய்ந்தாள் என்பது கதை. ஆங்கிலேயர் இவ்விடத்துக்குக் 'காதலர் பாய்ச்சல்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் பழைய ஒல்லாந்துப் பதிவுகளைப் பார்த்தவர்கள், அவள் அதன் பின்னரும் உயிரோடிருந்து திருமணம் செய்துகொண்டாள் என எழுதியுள்ளனர்.

இதைக் கேட்ட எமது தோழி (கணவரைத் தேடும் தோழிதான்) சிரித்துவிட்டு, "செத்திருந்தால்தான் சனத்துக்குப் பிடிக்கும். சீவிச்சால் கதை இல்லை" என்றார். ஆண் போன பின்னர் பெண்ணும் வாழ்வை முடித்துக்கொள்ள வேண்டும், அல்லது வாழ்ந்தாலும் வாழாதவள்போல் இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு எல்லாச் சமூகங்களிலும் இருந்திருக்கிறது. நல்ல சேலை உடுத்தாதே, பொட்டு வைக்காதே, சிரிக்காதே என்று எமது பெண்களுக்குச் சொல்லப்படுவதும் இதன் தொடர்ச்சியேயாகும்.

கன்னியாவில் குளித்தோம்

அடுத்ததாகக் கன்னியா வெந்நீரூற்றுக்குச் சென்றோம். ஏழு சிறிய கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு சூடு. நிலத்தின் ஆழத்தில் சூடேறிய நீர் மேலெழுந்து வருவதே இதற்குக் காரணம். இராவணன் தன் தாயின் கிரியைக்காக வாளால் நிலத்தைக் குத்தி உண்டாக்கியவை என்பது மக்களின் நம்பிக்கை. இறந்தவர்களின் அந்தியேட்டிக் கிரியைகளுக்காகத் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வந்தார்கள். இவ்விடத்தின் உரிமை பற்றிய பிணக்கு 2019இல் நீதிமன்றம் வரை சென்றமையும் குறிப்பிடத்தக்கது.

காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவிக்கு இந்த இடம் எவ்வளவு கடினமானது என்று சொல்லத் தேவையில்லை. கிரியை செய்தால் அவர் இல்லையென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். செய்யாவிட்டால் மனத்தில் ஒரு பாரம். "நான் கிரியைக்கு வரேல்லை. குளிக்க வந்தனான்" என்று சொல்லிக்கொண்டு அவர் வாளியை எடுத்தார். ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றிக்கொண்டார். நாமும் அப்படியே குளித்தோம்.

பெயருள்ள கல்லறைகள்

நிலாவெளி வீதியில் உப்புவெளியை அண்டி யுத்தக் கல்லறைத் தோட்டம் உள்ளது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலை ஆங்கிலேயரின் பெரும் கடற்படைத் தளமாக இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசின. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அந்த யுத்தத்தில் உயிரிழந்தவர்கள் பலர் இங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பல நாடுகளைச் சேர்ந்த அவர்களின் பெயரும் இறந்த திகதியும் கல்லில் உள்ளன. புல் அழகாக வெட்டப்பட்டிருக்கிறது.

நாம் அங்கு அதிக நேரம் நிற்கவில்லை. எங்கோ பிறந்த பிள்ளைக்கு இந்த மண்ணில் பெயரோடு ஒரு கல் இருக்கிறது. எமது பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று கேட்டு 2017 முதல் வடக்குக் கிழக்கெங்கும் தாய்மார் தெருவோரத்தில் இருந்தார்கள். 2016இல் சட்டம் இயற்றப்பட்டு, 2018இல் காணாமற்போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கிய பின்னரும் பெரும்பாலானோருக்குப் பதில் கிடைக்கவில்லை.

கடல் கொண்டதும் கொடுத்ததும்

நிலாவெளியில் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். எதிரே புறாமலைத் தீவு. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம். கற்பாறைகளில் புறாக்கள் கூடு கட்டுவதால் இப்பெயர் வந்தது. சுற்றிலும் பவளப்பாறைகள் உள்ள இத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. நேரம் போதாமையால் நாம் படகேறவில்லை.

கிண்ணியாத் தோழி 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இரு உறவினரை இழந்தவர். அதன் பின்னர் கடலில் கால் வைத்ததில்லை. அன்று எம் இருவரின் கைகளைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவு நீரில் நின்றார். மூன்று அலை வரும்வரை நின்றுவிட்டு, "போதும்" என்று கரையேறினார்.

மாலையில் நகரக் கடற்கரைக்கு வந்து கச்சான் வாங்கிக்கொண்டு இருந்தோம். 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டது இந்தக் கடற்கரையில்தான். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். இன்று அதே மணலில் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். இரண்டும் உண்மை. மறந்துவிட்டுத்தான் மகிழவேண்டும் என்றில்லை. நினைவோடும் கடற்கரையில் இருக்கலாம்.

இனி நாமே போவோம்

கனடாத் தோழி போய்விட்டார். அடுத்த முறை அவர் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? சகோதரிகளே, மாதர் சங்கங்களும் சிறுசேமிப்புக் குழுக்களும் ஆண்டுக்கொரு நாளை இதற்கென ஒதுக்கலாம். மாதாமாதம் ஒரு சிறு தொகையைச் சீட்டுப்போல் சேர்த்தால் பஸ் கூலி சேர்ந்துவிடும். அதற்காகக் கடன் எடுக்கவேண்டாம்.

மே முதல் செப்டெம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மாரி காலத்தில் படகேறாதீர்கள். புறாமலைக்குச் செல்வதாயின் காலையிலேயே செல்லுங்கள், உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள், பவளப்பாறையில் கால் வைக்காதீர்கள், பொலித்தீன் பைகளை விட்டு வராதீர்கள். தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். வெளியில் வரத் தயங்கும் பெண்ணை அவர் வீட்டுக்கே சென்று அழைத்து வாருங்கள். நாலு பெண்கள் சேர்ந்து வாசலில் நின்றால் ஊர்வாய் சற்று அடங்கும்.

சோறும் கூரையும் நீதியும் எமக்கு வேண்டும் என்று கேட்கிறோம். தொடர்ந்தும் கேட்போம். அவற்றோடு சேர்த்து, தோழியரோடு சிரித்திருக்க ஒரு நாளும் எமக்கு உரியதே. கணவரைத் தேடும் எமது தோழி அடுத்த ஆண்டுக்கான சீட்டுக்காசை இப்போதே என்னிடம் தந்திருக்கிறார். புறாமலைக்குப் படகில் போகவேண்டுமாம்.