வயலில் நின்றுபோகும் கீற்று: அறுப்பு மெஷின் எங்கே தவறுகிறது?

குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு, தென்காசி வயல்களை நனைத்துக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. அதன் தண்ணீரையும் குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, இராமநதி, கடனாநதி அணைகளின் தண்ணீரையும் நம்பி இந்தச் சீமையில் கார், பிசானம் என்னும் இரண்டு போக நெல்லும் விளைகின்றன. முன்பெல்லாம் அறுப்பு என்றால் ஊரே வயலில் இறங்கும். இப்போது ஒரு மெஷின் வருகிறது; அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லைத் தொட்டியில் சேர்த்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறது.

மெஷின் போன பிறகு வரப்பில் நின்று பார்த்தால் சில வயல்களில் ஒரு காட்சி கண்ணில் படும். அறுத்த தாளுக்கு நடுவே, கதிரோடு ஒரு மெல்லிய கீற்று அப்படியே நிற்கும். ‘டிரைவர் சரியில்லை’ என்பார் வயல்காரர். ‘பயிர் சாஞ்சு கிடக்கு, நான் என்ன செய்ய?’ என்பார் டிரைவர். இருவருக்கும் பதில் அந்தக் கீற்றிலேயே இருக்கிறது. அதன் அகலம், திசை, தாளின் உயரம் ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அதற்கு முதலில் வெட்டும் பகுதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெஷினின் முகப்பில், தரையை ஒட்டிக் குறுக்காக ஓடும் நீண்ட பட்டைதான் கட்டர் பார். முடிவெட்டும் கடையில் இருக்கும் மெஷினைப் போலத்தான் இதுவும் வேலை செய்கிறது. முக்கோணப் பிளேடுகளை வரிசையாக ரிவெட் அடித்த ஒரு கம்பி இடமும் வலமுமாக ஓடும். முன்னே நீட்டி நிற்கும் இரும்பு விரல்கள் பயிரைப் பிடித்துக் கொடுக்கும். விரலின் விளிம்புக்கும் பிளேடுக்கும் இடையில் சிக்கும் தாள் கத்தரிக்கப்படும். மேலே சுழலும் ரீல் பயிரைப் பிளேடை நோக்கிச் சாய்த்துக் கொடுக்க, வெட்டிய கதிரை ஆகர் என்னும் திருகு நடுவே ஒதுக்கி, கதிரடிக்கும் உருளைக்கு அனுப்பும்.

இந்த வெட்டும் முறைக்கு வயது இருநூறை நெருங்குகிறது. அமெரிக்காவில் ஓபட் ஹஸ்ஸி 1833-லும் சைரஸ் மெக்கார்மிக் 1834-லும் குதிரை இழுக்கும் அறுவடைக் கருவிகளுக்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்று தமிழக வயல்களில் ஓடும் செயின் வண்டியானாலும் டயர் வண்டியானாலும், முகப்பில் இருப்பது அந்தப் பிளேடு வரிசையின் வாரிசுதான். பிளேடின் அகலம், விரல்களுக்கு நடுவே உள்ள தூரம், பிளேடு ஒரு முறை ஓடும் நீளம் மூன்றுமே 3 அங்குலமாக இருப்பது பரவலான அளவு.

அந்த 3 அங்குலம்தான் முதல் துப்பு. நின்றுபோன கீற்று அதே அளவு அகலத்தில், வண்டி போன வழியிலேயே நூல் பிடித்ததுபோல் நேராக ஓடினால், ஒரு பிளேடு உடைந்திருக்கும் அல்லது ஒரு விரல் வளைந்திருக்கும். வரப்போரக் கல்லில் ஒரு தடவை மோதியதே காரணமாக இருக்கலாம். விரல் கீழ்நோக்கி வளைந்தால் பிளேடுக்கும் அதற்கும் இடைவெளி விழும். தாள் வெட்டுப்படாமல் மடங்கி உள்ளே நழுவிவிடும். பிளேடின் நுனி விரல் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் ஓட வேண்டும். பின்பக்க இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். வெட்டிய தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் தெரியும். கூரான வெட்டு நேராக இருக்கும். மழுங்கிய பிளேடோ தளர்ந்த விரலோ தாளை நார்நாராகக் கிழித்திருக்கும்.

இதை அற்பமாக நினைத்து விட்டுவிட முடியாது. வெட்டும் அகலம் 2 மீட்டராக இருக்கும் வண்டியில் 3 அங்குலம் என்பது ஏறக்குறைய 4 சதவீதம். ஏக்கருக்கு 2,000 கிலோ விளைந்த வயலில், அந்தக் கீற்றில் பாதி தப்பினாலே கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பத்தில் ஒன்று போனதற்குச் சமம். ஒரு பிளேடையும் இரண்டு ரிவெட்டையும் மாற்றினால் தீரக்கூடிய நட்டம் இது.

கீற்றாக இல்லாமல், தாள் முழுக்க மேடும் பள்ளமுமாக, அலை அலையாக நின்றால் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளேடை ஓட்டும் சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றினால், பிளேடு இடமும் வலமுமாக 1,000 முறை வெட்டும். வண்டி மணிக்கு 3 கிலோமீட்டரில் போனால் ஒரு வெட்டுக்குள் 5 சென்டிமீட்டர் முன்னேறும். அதையே 6 கிலோமீட்டராக்கினால் 10 சென்டிமீட்டர். பிளேடின் கூர்விளிம்பு அவ்வளவு நீளம் இல்லாததால், மிஞ்சும் தாளை முன்பக்கம் தள்ளி மடக்கித்தான் வெட்டும், சிலது தப்பிவிடும். பிளேடை ஓட்டும் பெல்ட் தளர்ந்து நழுவினாலும் இதே அலைதான் விழும், வண்டி மெதுவாகப் போனாலும்கூட. மெஷினுக்கு வாடகை மணிக்கணக்கில் இருப்பதால், விரட்டி ஓட்டினால் லாபம் என்று வயல்காரருக்கே தோன்றுவதுண்டு. மிச்சமாகும் வாடகையை உதிர்ந்த, தப்பிய நெல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ரீலுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதன் விளிம்பு வண்டியின் வேகத்தைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டும். அதற்குக் குறைந்தால் பயிரை முன்னால் தள்ளும். மிஞ்சினால் கதிரை அடித்து மணியை உதிர்க்கும்.

ஒரு பக்கம் தாள் குட்டையாகவும் மறுபக்கம் நெட்டையாகவும் இருக்கிறதா? முகப்பு சாய்ந்திருக்கிறது. ஈரம் வடியாத வயலில் வண்டியின் ஒரு பக்கம் புதையும்போது இது நடக்கும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடச் சொல்வது இதற்காகவும்தான். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் கீற்று நின்றால் மெஷின்மேல் பழியில்லை. முந்தைய நடையின் ஓரத்தை ஒரு சாண் அளவு சேர்த்துப் பிடித்து ஓட்டினால் போதும். சில மரக்கால் விதைப்பாடே உள்ள சின்ன வயல்களில் திரும்பும் இடமெல்லாம் பயிர் மிதிபடும். மூலைகளை முன்கூட்டியே கதிர் அரிவாளால் அறுத்து வழி விடுவது இங்கே உள்ள நல்ல வழக்கம்.

தென்காசிக்கென்றே உள்ள சிக்கல் காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து புகும் தென்மேற்குக் காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலைத் தருகிறது. சுற்றுவட்டாரக் காற்றாலைகளையும் சுற்ற வைக்கிறது. கார்ப் பயிர் முற்றும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் அது முழுதாக ஓய்ந்திருக்காது. கதிர் கனத்து நிற்கும் பயிர் அந்தக் காற்றில் கிழக்கே பார்த்துச் சாய்ந்துவிடும். சாய்ந்த திசையிலேயே வண்டியை ஓட்டினால் பிளேடு பயிரின் மேலேறிப் போய்விடும். திட்டுத் திட்டாக நிற்கும். சாய்வுக்கு எதிர்த்திசையிலோ குறுக்காகவோ வர வேண்டும். ரீலைத் தாழ்த்தி, சற்று முன்னே தள்ளி, அதன் பற்கள் பயிரை வாரித் தூக்கும்படி திருப்பி வைத்து, வேகத்தைக் குறைத்தால் படுத்த பயிரிலும் பெரும்பகுதி வந்துவிடும். சாரல் பெய்த காலையில் ஈரத் தாள் ஆகரைச் சுற்றிக்கொண்டு ஓட்டத்தை அடைக்கும்; வெயில் ஏறும்வரை பொறுப்பதே மேல்.

புல்வெளியில் உட்கார்ந்து ஓட்டும் மெஷினுக்கும் இதே வகை விசாரணை உதவும். 1830-ல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் புல் வெட்டும் மெஷினை உருவாக்கியபோது அதில் உருளைக் கத்தி இருந்தது. இன்றைய மெஷின்கள் பெரும்பாலும் அடியில் சுழலும் பிளேடுகள் கொண்டவை. சுழற்சி எழுப்பும் காற்று புல்லை நிமிர்த்த, பிளேடு வெட்டும். நுனி தேய்ந்து இரண்டு பிளேடுகளின் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் போனால் நடுவில் கோடு நிற்கும். முன்சக்கரம் மிதித்த ஈரப் புல் நிமிராவிட்டால் சக்கரத் தடத்தில் நிற்கும். பெல்ட் நழுவி வேகம் குறைந்தால் எங்கும் நிற்கும்.

வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை செயலி வழியாக அறுப்பு மெஷின் பிடித்தாலும், தனியாரிடம் பிடித்தாலும், முதல் நடையில் இருபது அடி ஓட்டியதும் நிறுத்திப் பார்க்கச் சொல்ல வயல்காரருக்கு உரிமை உண்டு. பிளேடுக்கு அருகே கை போகும் முன் என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிட வேண்டும். அடைத்த தாளை இழுக்கும்போது பிளேடுக் கம்பி சற்று நகர்ந்தாலே கைவிரல் போய்விடும். பிறகு இரும்பு விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தளர்ந்த ரிவெட்டையும் பெல்ட்டையும் சரிசெய்து, அதே வேகத்தில் இன்னும் இருபது அடி அறுத்துப் பார்க்கலாம். கீற்று மறைந்திருந்தால் வயல் முழுவதையும் அந்த வேகத்திலேயே முடிக்கலாம்; மறையவில்லை என்றால் அடுத்ததாக முகப்பின் சாய்வையும் ரீலையும் பார்க்க வேண்டும்.