நம் ஊர் அணி

கால்பந்துக் களத்தில் ஓர் அணிக்கு 11 பேர் ஆடுவர். ஆயினும் அவ்வணியை நிலைநிறுத்துவோர் அவர்கள் மட்டுமல்லர். வென்றாலும் தோற்றாலும் தம் ஊர் அணியின் ஆட்டத்தைக் காண வரும் ஆதரவாளர்களும் அதன் பலமே ஆவர்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி மக்களுக்குக் கால்பந்து புதிதன்று. நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டின் நீரோடியை ஒட்டி அமைந்த கடற்கரைச் சிற்றூர் பொழியூர். அவ்வூர் மணற்பரப்பில் ஆடிப் பழகிய இளைஞர் பலர், சந்தோஷ் கோப்பைப் போட்டிகளில் கேரள அணிக்காக விளையாடியுள்ளனர். ஆனால், ஆடவர் ஆட்டத்துக்குக் கிடைத்த ஆதரவு மகளிர் ஆட்டத்துக்கு எளிதில் கிட்டவில்லை. மகளிர் ஆட்டத்தை நேரில் காணும் வாய்ப்பே அரிதாக இருந்தது இதற்கு ஒரு காரணமாகும்.

இந்திய மகளிர் லீக் 2016-17ஆம் ஆண்டில் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் பல ஊர் அணிகளும் ஏதேனும் ஒரு நகரில் கூடி ஆடின. மதுரையின் சேது அணி 2019இல் பட்டம் வென்றது லூதியானாவில். கோகுலம் கேரளா அணி 2020, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் முறையே பெங்களூரு, புவனேசுவரம், அகமதாபாத் நகரங்களில் வாகை சூடியது. மூன்று பட்டங்களுள் ஒன்றேனும் கேரள மண்ணில் வெல்லப்படவில்லை. வென்ற அணியைச் சொந்த ஊரார் திரையில் மட்டுமே காண முடிந்தது.

இந்நிலை 2023-24ஆம் ஆண்டில் மாறியது. அவ்வாண்டு பங்கேற்ற 7 அணிகளும் ஒன்றையொன்று இருமுறை எதிர்கொண்டன. ஓர் ஆட்டம் சொந்த ஊரில், மற்றொன்று எதிரணியின் ஊரில். எனவே ஒவ்வோர் அணிக்கும் 6 ஆட்டங்கள் தன் ஊரிலேயே அமைந்தன. கோகுலம் அணிக்குக் கோழிக்கோடு மாநகராட்சி அரங்கம் சொந்தக் களமாயிற்று. ஒரே அணியை அடுத்தடுத்துக் காண்பவர், வீராங்கனைகளைப் பெயரால் அறிகிறார். ஒவ்வொருவரின் ஆட்ட முறையையும் உணர்கிறார். இவ்வாறுதான் பார்வையாளர் ஆதரவாளர் ஆகிறார். 2022 ஏப்ரலில் பார்சிலோனா நகரில் நடந்த மகளிர் ஆட்டம் ஒன்றை 91,648 பேர் நேரில் கண்டனர்.

கேரளத்தில் வாழும் தமிழ்ச் சிறார் யாரை ஆதரிப்பது? 2022 மே 26 அன்று பட்டத்தை முடிவு செய்த ஆட்டத்தில் கோகுலமும் சேதுவுமே மோதின. கோகுலம் 3-1 என வென்றது. அடுத்த ஆண்டு பட்டம் வென்ற கோகுலம் அணியில், கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் ஆடினர். தமிழ்நாட்டு வீராங்கனைகளுக்குக் கேரள மக்கள் கைதட்டினர். ஆகவே, பிறந்த மண்ணின் அணியையும் வாழும் மண்ணின் அணியையும் ஒருங்கே விரும்புவதில் பிழையில்லை.

பாறசாலையிலிருந்து கோழிக்கோடு 400 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. எல்லோரும் அங்குச் செல்வது இயலாது. எனினும், பள்ளித் திடலில் மாணவியர் பந்தாடும் நாளில் எல்லைக்கோட்டருகே நின்று ஊக்கப்படுத்த எவர்க்கும் இயலும். நாளைய வீராங்கனைக்கு முதல் ஆதரவாளர் அங்கேதான் கிடைக்கிறார்.