நாடக மேடையில் பழைய இசை

வரலாற்று நாடகம் ஒன்றனைக் காணும்போது, அரசரின் உடையும் வாளும் அக்காலத்தனவாய் இருத்தல் வேண்டுமென நாம் எதிர்பார்க்கிறோம். இசைக்கும் அவ்விதி பொருந்துமன்றோ? கண்ணுக்கு ஒரு காலத்தையும் செவிக்கு வேறொரு காலத்தையும் அளித்தால், காண்போர் இரண்டையுமே வரலாறென நம்பிச் செல்வர். இக்குறையினைக் களைய இங்கிலாந்தில் நிகழ்ந்த முயற்சிகளை ஈண்டு நோக்குவோம்.

ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகம் 1602-இல் இலண்டன் மாநகரின் மிடில் டெம்பிள் மண்டபத்தில் நடிக்கப்பெற்றது. அம்மண்டபத்திலேயே 1897-இல் வில்லியம் போயல் அதனை மீண்டும் மேடையேற்றினார். அப்பொழுது பழங்கருவிகளைக் கொண்டு இசை வழங்கியவர் ஆர்னால்டு டோல்மெட்ச் (1858-1940). வழக்கொழிந்த லூட், ரெக்கார்டர் முதலியவற்றைத் தம் கைகளாலேயே செய்து, அவற்றை வாசிக்கும் முறையினையும் பழைய நூல்களினின்று கற்றறிந்த பெருமை அவருக்குண்டு. 1602-ஆம் ஆண்டு நிகழ்ச்சியின் 400-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2002-இல் குளோப் அரங்கினர் அம்மண்டபத்திலேயே அந்நாடகத்தை நடித்தனர்.

கருவி பழையதாயின் மட்டும் போதாது. இடத்திற்கும் அது இயைதல் வேண்டும். அக்கால ஐரோப்பியர் கருவிகளை உரத்தவை, மென்மையானவை என இருவகைப்படுத்தினர். நாகசுரம் போன்று இரட்டைச் சீவாளி கொண்ட ஷாம் என்னும் குழல் உரத்த வகையினது. திறந்தவெளி விழாவிற்கும் ஊர்வலத்திற்கும் அது ஏற்றது. லூட்டோ மென்மையானது, மண்டபத்திலும் விருந்திலும் இனிக்கும். 'அல் ஊத்' என்னும் அரபுச் சொல்லே லூட் எனத் திரிந்தது என்பது அறியத்தக்கது. கூரை திறந்த அரங்கில், கூட்டத்தின் ஆரவாரத்திற்கிடையே லூட்டினைத் தனித்து மீட்டினால் யார் செவியில் விழும்? 'அந்தோணியும் கிளியோபாத்ராவும்' நாடகத்தில், மேடைக்கு அடியிலிருந்து குழலிசை எழவேண்டுமென்ற குறிப்பு உள்ளது. வரவிருக்கும் கேட்டினை அவ்வொலியே உணர்த்துகின்றது. ஆகவே இசை அங்கு அணிகலன் அன்று, கதையின் உறுப்பு.

இனி, சான்றின் அளவினை எண்ணுவோம். ஆறு கருவிகள் சேர்ந்திசைப்பதற்கென தாமஸ் மார்லி 1599-இல் வெளியிட்ட தொகுப்பு நமக்குத் துணையாகின்றது. 'புயல்' நாடகப் பாடல்கள் இரண்டிற்கு ராபர்ட் ஜான்சன் அமைத்த மெட்டுகளும் கிடைத்துள்ளன. ஆயினும், ஷேக்ஸ்பியர் நாடகப் பாடல்கள் பலவற்றின் முதல் மெட்டுகள் மறைந்துபோயின. அவ்விடங்களில் அக்காலத்து வேறொரு மெட்டினைப் பொருத்துவதோ, அம்மரபில் புதிதாய் அமைப்பதோ தவிர வேறு வழியில்லை.

அங்ஙனம் செய்வது குற்றமன்று. செய்ததை மறைப்பதே குற்றம். எது ஏட்டிலிருந்து வந்தது, எது ஊகத்தால் அமைந்தது என்பதை நிகழ்ச்சிக் குறிப்பில் இரண்டு வரிகளில் எழுதிவிடலாம். அவ்விரு வரிகள் இல்லாவிடில், இன்றைய கற்பனை நாளைய வரலாறாகிவிடும். பழமையைப் போற்றுவோர்க்கு இசைத்திறனோடு வாய்மையும் வேண்டும் என்பதே நம் துணிபு.