முதுமையில் பெருங்குடற் புற்றுநோய்

வயிறு கட்டினால் விளக்கெண்ணெய் கொடுப்பது நம் கரிசற் சீமையின் பழைய வழக்கம். சாதாரண மலச்சிக்கலுக்கு அதனால் தீங்கில்லை. ஆனால், முதியவர் ஒருவருக்கு வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் கண்டால் பேதிக்குக் கொடுப்பது ஆபத்து. பெருங்குடலில் வளர்ந்த கட்டி வழியை அடைத்திருக்கக் கூடும். அடைபட்ட குடல் கிழிந்துபோகவும் கூடும். அன்றே கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இந்நோய் பெரும்பாலும் முற்றிய பிறகே வெளிப்படுகிறது. மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்றும், உடல் வெளுத்துச் சோர்ந்தால் முதுமை என்றும் எண்ணி நாட்களைக் கடத்துகிறோம். குடலின் இரத்தம் ஈரல் வழியாகவே செல்வதால், நோய் பெரும்பாலும் முதலில் ஈரலுக்குப் பரவுகிறது.

"எழுபத்தைந்து வயதில் ஆப்பரேஷன் எதற்கு?" என்று கிராமங்களில் என்னிடம் பலர் கேட்டதுண்டு. வயதை மட்டும் வைத்து மருத்துவர்கள் முடிவு செய்வதில்லை. தாமே நடக்கிறாரா, உண்கிறாரா, இதயமும் சிறுநீரகமும் எப்படி என்று பார்க்கிறார்கள். ஈரலில் ஓரிரு கட்டிகளே இருப்பின், சிலருக்கு அவற்றை அறுத்து அகற்றவும் இயலும். மற்றவர்களுக்கு அடைப்பை நீக்குவதோ, வயிற்றில் வழி அமைத்து மலம் பையில் சேரச் செய்வதோ வேதனையைத் தணிக்கும். கேப்சைட்டபின் என்னும் மாத்திரையைப் பொதுவாக 14 நாட்கள் உண்டு, 7 நாட்கள் நிறுத்துவர். முதியோருக்குக் குறைந்த அளவில் தொடங்குவதும் உண்டு. இதனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வெடிக்கலாம். வெறுங்காலுடன் காட்டுக்குப் போகலாகாது. பேதி கடுமையானாலும் காய்ச்சல் கண்டாலும் மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நோயின் பெயரை முதியவரிடம் மறைத்து, பிள்ளைகளே கூடி முடிவு செய்கிறார்கள். பத்திரத்தில் கையொப்பம் வாங்க மட்டும் அவரை எழுப்பி உட்கார வைக்கிறோம்! சிகிச்சை வேண்டுமா, எதுவரை வேண்டும் என்பதை அவரிடமே கேட்க வேண்டும். வேண்டாம் என்றாலும் அவரைக் கைவிட்டதாகாது. வலிக்கு மார்பின் மருந்துண்டு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து நோவு தணிக்கும் பராமரிப்பும் அடங்கும்.

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது. இன்று அவ்வளவு தொலைவு செல்லுமுன் திருநெல்வேலி, தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை நாடலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் தேவை. வருமானச் சான்று இல்லாத முதியோர் குடும்பங்களைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இப்போதே கண்டறிந்து, அதைப் பெற்றுத் தர வேண்டும். நோய் வந்தபின் அலுவலக வாயிலில் நிற்க நேரம் இராது.