கொழுந்து பறித்தவளும் கதிர் பொறுக்கியவளும்

வால்பாறைக்குப் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? பொள்ளாச்சியில் பஸ் ஏறி, ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பமாகிவிடும். கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 40. ஒவ்வொரு வளைவுக்கும் எண் உண்டு. முதல் பத்து வளைவு வரை பிள்ளைகள் உற்சாகமாக எண்ணிக்கொண்டு வருவார்கள். அப்புறம் தலை சுற்றும், எலுமிச்சம்பழத்தைத் தேடுவோம்!

நான் போனது ஒரு ஜூலை மாதம். நல்ல மழை; அதோடு மூடுபனி. கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைத் திரை போட்டாற்போல் இருந்தது. டிரைவரோ பதற்றமே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். "எப்படி ஐயா ஓட்டுகிறீர்கள்? பாதையே தெரியவில்லையே!" என்று கேட்டேன். "அடுத்த வளைவு தெரியுதுங்கம்மா. அது போதும். நாப்பதும் ஒண்ணா தெரியணும்னா நம்மால வண்டியை எடுக்கவே முடியாதுங்க" என்றார்.

அந்தப் பதில் என் மனத்தில் தைத்துவிட்டது. விவிலியத்தில் 119-ஆம் சங்கீதம் என்று ஒன்று உண்டு. 176 வசனங்கள் கொண்ட மிக நீண்ட சங்கீதம். முழுவதும் வேதத்தின் பெருமையைத்தான் பேசுகிறது. அதில் இறைவனின் வார்த்தையை விளக்குக்கு ஒப்பிடுகிறார்கள். அந்தக் காலத்து விளக்கு என்ன விளக்கு? நம் அகல் போன்ற சிறு மண் விளக்குத்தானே! அதைக் கையில் பிடித்து நடந்தால் அடுத்த அடி தெரியும். ஊர் எல்லை தெரியாது.

இந்த உண்மையை எனக்கு முழுமையாக விளங்கவைத்தவர், மலைமேல் நான் சந்தித்த ஓர் ஆச்சி.

பெட்டிக்குள் போன புத்தகம்

தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று அவருடையது. கொழுந்து பறித்தே காலம் கழித்து, இப்போது ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பாட்டன், பாட்டி திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். மழை பொய்த்த ஊரில் மேஸ்திரி வந்து முன்பணம் கொடுத்து, மலையில் வேலை இருக்கிறது என்று அழைத்தால் யார்தான் மறுப்பார்கள்? அப்படி வந்தவர்களில் எத்தனையோ பேரை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. இந்தத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி. எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ' நாவலில் அந்தக் கண்ணீர் தேங்கி நிற்கிறது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார்.

ஆச்சி சுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, தம் கதையைச் சொன்னார்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் 31-ஆம் தேதி இரவு கோயிலில் ஆராதனை முடிந்ததும், புது வருஷத்துக்கான வாக்குத்தத்த அட்டை ஒன்றை ஆளுக்கொன்றாக எடுப்பார்கள். அதில் அச்சிட்டிருக்கும் வசனம் அந்த வருஷம் முழுவதும் தமக்கென்று எண்ணிக்கொள்வார்கள். ஒரு வருஷம் ஆச்சிக்குக் கிடைத்தது எரேமியா 29-ஆம் அதிகாரத்து வசனம். கடவுள் உங்களைக் குறித்து நன்மையையே நினைக்கிறார், முடிவு நல்லதாகவே இருக்கும் என்ற பொருளுள்ள வசனம். ஆச்சி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் மூத்த மகன் மஞ்சள் காமாலையில் படுத்தான். பன்னிரண்டாம் நாள் போய்விட்டான்.

"அட்டையைக் கிழிக்க மனசு வரல. வேதத்தை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன். ரெண்டு வருஷம் தொறக்கல. கோயிலுக்கும் போவல. 'விசுவாசம் போதல'ன்னு சிலபேர் சொன்னாங்க. அதுதான் அம்மா, மகன் போனதைவிட வலிச்சுது" என்றார் ஆச்சி.

வாசகியரே, எந்த மதத்தைச் சேர்ந்தவர்களானாலும் நம்மில் பலர் இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறோம். "நீ சரியாக வேண்டிக்கொள்ளவில்லை", "நேர்த்திக்கடனில் ஏதோ குறை." துக்கத்தில் இருப்பவள் தலையில் குற்றத்தையும் ஏற்றிவிடுகிறோம்.

பேத்தியின் பரீட்சை

பெட்டியைத் திறக்க வைத்தவள் பேத்தி. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் ரூத் புத்தகத்திலிருந்து பரீட்சை. "ஆச்சி, நீ கேள்வி கேளு, நான் பதில் சொல்றேன்" என்று வந்து நின்றாள். கேள்வி கேட்கவேண்டுமானால் படிக்கவேண்டுமே! மலை ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மெல்லப் பிரித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ரூத் மிகச் சிறிய புத்தகம், நான்கே அதிகாரம். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். பெத்லகேமில் பஞ்சம். எலிமெலேக்கும் அவன் மனைவி நகோமியும் இரண்டு மகன்களோடு மோவாப் தேசத்துக்குப் பிழைக்கப் போகிறார்கள். அங்கே கணவன் இறக்கிறான். மருமகள்கள் வந்தபிறகு இரண்டு மகன்களும் இறக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து, ரூத் என்ற மருமகள் ஒருத்தி மட்டும் துணைவர, நகோமி வெறுங்கையோடு ஊர் திரும்புகிறாள். "நகோமியா இது?" என்று ஊர்ப் பெண்கள் கேட்க, என்னை அப்படிக் கூப்பிடாதீர்கள், மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். நகோமி என்றால் இனிமையானவள். மாராள் என்றால் கசப்பானவள். கடவுள்தான் என் வாழ்வைக் கசப்பாக்கினார் என்று எல்லோர் முன்னிலும் சொல்கிறாள்!

"படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுதம்மா. 'ஏட்டி, இவ நம்ம கூட்டம்லா!'ன்னு பேத்திகிட்டச் சொன்னேன். பஞ்சம் பிழைக்கப் போனவ, பிள்ளையைப் பறிகொடுத்தவ, சாமி மேலே கோபப்பட்டவ. வேதத்துக்குள்ளயே இருக்கா!"

கவனித்தீர்களா? அந்த நான்கு அதிகாரத்திலும் நகோமியை யாரும் கண்டிக்கவில்லை. "உனக்கு விசுவாசம் போதாது" என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் கசப்பை அப்படியே எழுதிவைத்து, அதையும் வேதம் என்று போற்றியிருக்கிறார்கள். 88-ஆம் சங்கீதமும் அப்படித்தான். இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிற புலம்பல் அது. கடவுளிடம் அழுவதும் கடவுளை நம்புவதில் சேர்ந்ததுதான். நம்பாதவரிடம் போய் யாராவது முறையிடுவார்களா?

ரூத் வயலுக்குப் போய்க் கதிர் பொறுக்குகிறாள். இது பிச்சை அல்ல. அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்கக்கூடாது, சிந்தியதைத் திரும்பப் பொறுக்கக்கூடாது, அது ஏழைக்கும் அந்நியருக்கும் உரியது என்று லேவியராகமம் சட்டமே போட்டிருக்கிறது. வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் அந்தச் சட்டத்துக்கு மேலும் தாராளமாக நடந்துகொள்கிறான். பிறகு அவளையே மணக்கிறான். இந்தக் கதையில் வானம் பிளக்கவில்லை, குரல் கேட்கவில்லை. ஒரு மருமகளின் பிடிவாதமும் ஒரு நல்ல சட்டமும் ஒரு மனிதனின் நியாயமுமே கடவுளின் கையாக வேலை செய்கின்றன.

இறந்த மகன்கள் திரும்பி வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் நகோமியின் மடியில் ஓபேத் என்ற குழந்தை தவழ்கிறது. அந்தக் குழந்தையின் பேரன்தான் தாவீது ராஜா. அது அன்று நகோமிக்குத் தெரியாது.

எழுபது வருஷக் கடிதம்

ரூத்தை முடித்த ஆச்சி, துணிச்சலோடு எரேமியா 29-ஐயும் எடுத்தார். இந்தத் தடவை ஒரு வசனத்தை அல்ல, அதிகாரம் முழுவதையும் படித்தார். அப்போதுதான் தெரிந்தது, அது ஒரு கடிதம் என்று. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவன் வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று இனிக்க இனிக்கப் பேசுகிறான். எரேமியாவோ, 70 வருஷம் ஆகும் என்கிறார். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கும் அந்நிய ஊருக்காகவும் பிரார்த்தனை செய்யுங்கள் என்று எழுதுகிறார். நல்ல முடிவைப் பற்றிய அந்தப் பிரபலமான வசனம் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது!

அதாவது, அந்தக் கடிதத்தை முதலில் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த முடிவைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. "இந்த வருஷம் துன்பமே வராது" என்று அந்த வசனம் யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. துன்பத்துக்கு நடுவிலும் நீங்கள் கைவிடப்பட்டவர்கள் அல்லர் என்றுதான் சொல்கிறது. அட்டை பொய் சொல்லவில்லை. அட்டையில் இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

ரூத்தோடு நின்ற பேனா

இந்த ரூத் கதை தமிழுக்கு வந்த வரலாறும் கேட்கத்தக்கது. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் சீகன்பால்க் என்ற ஜெர்மானியர். பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1708-ல், டேனிஷ் கவர்னரோடு ஏற்பட்ட பிணக்கில் சுமார் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1714-15-ல் தரங்கம்பாடியிலேயே அச்சாயிற்று. பிறகு பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். ஆதியாகமத்திலிருந்து வரிசையாக மொழிபெயர்த்துக்கொண்டே வந்து, ரூத் புத்தகம் வரையில் முடித்தார். 1719-ல் காலமானார். வயது 36.

அரைகுறையாக நின்ற வேலை! அதே 1719-ல் வந்து சேர்ந்த பெஞ்சமின் சூல்சே மிச்சத்தைத் தொடர்ந்து முடிக்க, 1728-ல் தமிழில் முழு விவிலியம் அச்சேறியது. இந்திய மொழிகளில் அதுவே முதல். எரேமியாவின் கடிதம் தமிழில் அச்சானதை சீகன்பால்க் பார்க்கவில்லை. அவருக்கும் அடுத்த வளைவு வரைதான் வெளிச்சம்.

நாம் எப்படிப் படிப்பது?

ஆச்சி இப்போது வேதம் படிக்கும் முறை எளிமையானது. நீங்களும் செய்து பார்க்கலாம். கண்ணை மூடி விரல் பட்ட வசனத்தை எடுப்பதில்லை. ஒரு சிறு புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படிக்கிறார். யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னது என்று பார்க்கிறார். புரியாததைப் பேத்தியின் பழைய நோட்டில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடம் கேட்கிறார். பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருக்கும் இடத்தில், 1995-ல் வந்த 'திருவிவிலியம்' என்ற பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். சமையல் முடிந்து, பேத்தி பாடம் படிக்கும் நேரத்தில் தினமும் அரை மணி. தனியாகப் படிப்பதைவிட இன்னொருவர் காதில் விழும்படி வாய்விட்டுப் படிப்பது நல்லது என்கிறார்.

"எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டதா, ஆச்சி?" என்று கேட்டேன்.

"மகன் ஏன் போனான்னு இன்னும் தெரியல. அதைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். ஆனா முன்னே கோபத்துல பேசாம இருந்தேன். இப்போ கோபத்தோடயே பேசுறேன். பேச்சு இருக்குல்லாம்மா!"

வெளியே மழை விட்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஆச்சி போட்டிருந்த சிறு தோட்டத்தைக் காட்டினார். பீன்ஸ் கொடி, நாலு முட்டைக்கோஸ், ஒரு கொய்யாச் செடி. "கொய்யா எப்போ காய்க்குமோ! பேத்தி தின்னுவா" என்றார்.

திரும்பும்போது மூடுபனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. இந்தத் தடவை நான் டிரைவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.