ஏவலும் ஊக்கமும்

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் அக்கறையே இல்லை’ என்னும் குறையை நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அலுவலகத்தில் மேலதிகாரி கூறுவார். கடையில் முதலாளி கூறுவார். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் கூறுவார். 1980-களில் ஆசிரியப் பயிற்சி முடித்து நான் முதன்முதலாகப் பணியில் சேர்ந்தபோது, எங்களைப் பற்றியும் மூத்த ஆசிரியர்கள் இவ்வாறே கூறினர். பின்னாளில் தலைமையாசிரியர் ஆனதும் நானும் இதனையே கூறலானேன். அப்படியானால், இக்குறை பிறப்பது இளைஞரின் இயல்பிலா, அன்றி அவர்களை வேலை வாங்குவோரின் முறையிலா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் என் பிழையொன்றைக் கூறிவிடுகிறேன். நான் தலைமை ஏற்ற முதலாண்டில் எங்கள் பள்ளிக்கு இளம் அறிவியல் ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஆய்வுக்கூட அலமாரியில் பூட்டிக் கிடந்த கருவிகளை மாணவர்கள் தம் கையாலேயே எடுத்துச் சோதனை செய்து பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்காக மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தங்கவும் முன்வந்தார். “குடுவை உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது? முதலில் பாடத்தை முடியுங்கள், தம்பி” என்று கூறி அனுப்பிவிட்டேன். சில நாட்கள் சென்றன. பாடக்குறிப்பேட்டை அவர் உரிய நாளில் தரவில்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன்.

அதன்பின் அவர் ஒருநாளும் பிந்தவில்லை. குறிப்பேடு தவறாமல் வந்தது. ஆனால் சொன்னதற்கு மேல் ஒரு துரும்பையும் அவர் எடுத்துப் போடவில்லை. ஆண்டின் இறுதியில் இடமாற்றம் பெற்று விடைபெற வந்தவர், “ஐயா, ‘இதை ஏன் செய்யவில்லை’ என்று பலமுறை கேட்டீர்கள், ‘என்ன செய்ய விரும்புகிறாய்’ என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கலாம்” என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதனாலேயே அச்சொல் என்னை உறுத்தியது.

அந்தக் கோடை விடுமுறையில், பயிற்சிக் கல்லூரி நாட்களில் மேலோட்டமாகப் படித்திருந்த செய்தியொன்றைத் தேடி மீண்டும் படித்தேன். அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்துத் தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1924-ஆம் ஆண்டில், விளக்கொளி மிகுந்தால் வேலையும் மிகுமா என்று சோதிக்கத் தொடங்கினர். ஒளிக்கும் வேலைக்கும் தெளிவான தொடர்பு எதுவும் புலப்படவில்லை. ஒளியன்றி வேறு ஏதோ ஒன்று தொழிலாளரைத் தூண்டுகிறது என்னும் ஐயம் எழுந்தது.

ஆகவே 1927-ஆம் ஆண்டில், ரிலே என்னும் சிறு மின்கருவியின் உறுப்புகளைப் பூட்டும் இளம் பெண்கள் ஐவரையும், உறுப்புகளை எடுத்துத் தர ஒருவரையும் தனியறை ஒன்றில் அமர்த்தினர். வேலைக்கு நடுவே ஐந்து நிமிட ஓய்வு தந்தனர்; அதனைப் பத்து நிமிடமாக்கினர்; காலையில் சிற்றுண்டி அளித்தனர்; மாலையில் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினர். உற்பத்தி பெருகியது. பின்னர் இச்சலுகைகளை நீக்கிப் பழைய நேரத்துக்கே திரும்பியபோதும், அது தொடக்கத்தில் இருந்த அளவுக்குத் தாழவில்லை. மாறுதல் செய்யுமுன் அப்பெண்களின் கருத்தைக் கேட்டனர் என்பதும், அதட்டும் மேற்பார்வை அவ்வறையில் குறைவு என்பதும் கவனிக்கத்தக்கவை.

இவ்வாராய்ச்சியில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எல்ட்டன் மேயோவும் பங்கு கொண்டார். 1928 முதல் 1930 வரை அத்தொழிற்சாலையில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பேட்டி கண்டனர். முதலில் வரையறுத்த கேள்விகளைக் கேட்டனர். பின்னர், தொழிலாளரைத் தம் போக்கில் பேசவிட்டுப் பொறுமையோடு கேட்பதே பயன் தருவதைக் கண்டு முறையை மாற்றிக்கொண்டனர்.

மாணவர்களாகிய நீங்கள் எதனையும் ஒருபுறம் மட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது. இச்சோதனைகளைப் பிற்கால அறிஞர்கள் வன்மையாகக் குறை கூறியுள்ளனர். அவ்வறையில் இருந்தவர்களுக்கு, அச்சிறு குழுவின் உற்பத்தியைப் பொறுத்தே கூலி கணக்கிடப்பட்டது. ஆகவே வருவாயும் அவர்களைத் தூண்டியிருக்கலாம். மிகுதியாகப் பேசுகின்றனர், ஒத்துழைக்கவில்லை என்று இருவரை இடையிலேயே நீக்கி, வேறு இருவரைச் சேர்த்தனர். ஆதலால், ‘அன்பாகப் பேசினாற் போதும், கூலி வேண்டுவதில்லை’ என்று இதிலிருந்து முடிவு செய்வது பெருந்தவறு. உரிய ஊதியம் அடித்தளம். மதிப்பு அதன்மேல் எழும் சுவர். அடித்தளமின்றிச் சுவர் நில்லாது; அடித்தளம் மட்டும் இருந்தால் அதில் யாரும் குடியிருக்கவும் இயலாது.

அடுத்த ஆண்டு முதல் மூன்று பழக்கங்களை மேற்கொண்டேன். ஒரு வேலையைக் கொடுக்கும்போது அது எதற்காக என்பதையும் சேர்த்துக் கூறினேன். வருகைப் பதிவேட்டின் கூட்டுத்தொகை தவறினால் சத்துணவுக் கணக்கும் தவறும் என்று விளக்கியபின், அப்பதிவேட்டை அலுப்போடு எழுதியவர்களும் கருத்தோடு எழுதினர். குறையைத் தனியே அழைத்துக் கூறினேன். நிறையைப் பலரறியக் கூறினேன். மூன்றாவதாக, பொறுப்பைக் கொடுத்தபின் அதற்கு வேண்டிய உரிமையையும் கொடுத்தேன். புதிதாக வந்த அறிவியல் ஆசிரியையிடம் அலமாரிச் சாவியை ஒப்படைத்தேன். அவ்வாண்டில் குடுவைகள் மூன்று உடைந்தன. அவற்றை இருப்புப் பதிவேட்டில் நானே எழுதிக் கையொப்பமிட்டேன். மாலை வேளைகளில் மணியடித்தும் வீடு திரும்ப மனமின்றி ஆய்வுக்கூடத்தில் நின்ற பிள்ளைகளைக் கண்டபோது, அந்த இழப்பு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

இம்முறை எல்லாரிடத்தும் பலித்தது என்று சொல்லமாட்டேன். எத்தனை முறை எடுத்துரைத்தும் அசையாதவர் ஒருவரும் இருந்தார். அவரிடம் விதிப்படி நடந்துகொள்ளவே நேர்ந்தது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பது நம் பழமொழி. இன்னாருக்கு இன்ன பணி ஏற்றது என்று ஆராய்ந்து ஒப்படைப்பதைப் பற்றித் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆளறிந்து நடப்பதும் தலைமையின் கடமையே.

மாணவச் செல்வங்களே, இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் பணியில் சேர்வீர்கள். உங்கள் யோசனையை ஒருவர் கேளாது தள்ளினால் மனம் சோர்ந்து, சொன்னதை மட்டும் செய்யும் பொம்மையாகிவிடாதீர்கள். காலம் பார்த்து மீண்டும் கூறுங்கள். அதன்பின், நீங்கள் எதிர்பாராத விரைவில், உங்கள் கீழும் இளையவர்கள் வந்து நிற்பார்கள். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்னும் சொல் அன்று உங்கள் நாவிலும் எழும். அதனைச் சொல்லி முடிக்குமுன் அவர்களுள் ஒருவரை அருகழைத்து, ‘என்ன செய்ய விரும்புகிறாய்?’ என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.